போட்ட ரோடு வருஷா வருஷம் அதே இடத்தில் மட்டும் ஏன் பெயர்கிறது? (மானூர் பக்கம்)

மானூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நெல்லையில் இருந்து சங்கரன்கோவில் போகும் ரோட்டில் மானூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரியும் கிளை ரோடுதான் எங்கள் ஊருக்கு வருவது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் காலையில் யாராவது வீட்டு வாசலில் நிற்பார்கள்.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். காய்கறி சீசனில் பாவூர்சத்திரம் சந்தைக்கு ஓட்டம், மற்ற நாளில் கிடைத்த லோடு. அதனால் இந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் எனக்கு மனப்பாடம்.

பிரச்சினை இதுதான். ரோடு மொத்தமும் மோசமில்லை. ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு நூறு மீட்டர் தூரம் மட்டும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும், பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடுகிறது. ஓரம் உடைந்து உள்ளே வாங்குகிறது, நடுவில் தார் விரிந்து அடியில் இருக்கும் ஜல்லி தெரிகிறது. தைக்கு அப்புறம் வந்து ஒட்டுப் போடுகிறார்கள். ஒரு தடவை முழு ரோட்டையும் புதிதாகவே போட்டார்கள். மற்ற இடமெல்லாம் இன்றைக்கும் வழுவழு என்று கிடக்கிறது, அந்த நூறு மீட்டர் மட்டும் அடுத்த மழைக்கே போய்விட்டது. போன சீசனில் அந்தக் குழியில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மேலடுக்குத் தக்காளிப் பெட்டி மொத்தமும் கீழே. சந்தையில் பாதி விலைக்குத்தான் எடுத்தார்கள்.

கேட்டால் 'மழை அதிகம்' என்கிறார்கள். மழை ரோடு முழுக்கத்தானே பெய்கிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் தாத்தா, 'இது மங்கம்மா சாலைலே, அந்தக் காலத்துல கெடவே கெடாது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உண்மையா? அந்தக் காலத்தில் ரோட்டை யார் பராமரித்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழையூத்து டிரைவர்

இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது வே? நாலு இன்ச் போட வேண்டிய இடத்தில் ரெண்டு இன்ச் போட்டால் அப்படித்தான் பெயரும். மேலே இருந்து கீழே வரைக்கும் கமிஷன் போக மிச்சத்தில் போடுகிற ரோடு.

ஒரு காரியம் செய்யுங்கள். 'நம்ம சாலை' என்று அரசு ஆப் இருக்கிறது, குழியைப் படம் எடுத்து அனுப்பினால் வருவார்கள். ஆனால் அது நெடுஞ்சாலைத்துறை ரோட்டுக்குத்தான். உங்களுடையது பஞ்சாயத்து யூனியன் ரோடு என்றால் அவர்கள் கணக்கில் வராது. எங்கள் ஊரில் அப்படித்தான் நாலு மாதம் அலைந்தார்கள்.

ரோடு இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

மானூர்த் தம்பிக்கு: நான் நெடுஞ்சாலைத்துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோவில் என்று நம் பக்கமே சுற்றி முடித்துவிட்டு இப்போது பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் உத்தியோகத்தில் இருக்கிறேன்.

டிரைவர் தம்பி சொல்கிற கமிஷன் கிடையாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கமிஷன் ரோடு முழுக்கத்தானே பொது? அதனால்தான் கெட்டது என்றால் கடைசி வரைக்கும் கெட்டிருக்க வேண்டும். நூறு மீட்டர் மட்டும் கெடுகிறது என்றால் அங்கே தண்ணீர் வேலை பார்க்கிறது. நீங்கள் எழுதியதில் இருந்தே அது தெரிகிறது. ஐப்பசி கார்த்திகையில் கெடுகிறது, தைக்கு அப்புறம் நிற்கிறது. ஓரம் உடைகிறது, நடுவில் விரிகிறது. இது அடியில் மண் ஊறிப்போனதற்கான அடையாளம்.

எனக்கு ஒரு விவரம் வேண்டும். அந்த இடத்துக்கு மேற்கே குளம் இருக்கிறதா? இருந்தால் அதன் மறுகால், அதாவது குளம் நிறைந்து வழியும் தண்ணீர், எந்தப் பக்கம் பாய்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் சீமையில் குளம் தனியாக இருப்பது அபூர்வம். சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து ஒரு குளத்தை நிரப்பும், அது நிறைந்ததும் மறுகால் விழுந்து அடுத்த குளத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்தது. வெறும் மானாவாரிக் குளம் என்றாலும் இதே கதைதான். இந்தக் குளத்துக்கும் அந்தக் குளத்துக்கும் நடுவில் மறுகால் ஓடை ஒன்று இருக்கும். வருஷத்தில் பத்து மாதம் அது காய்ந்து கிடக்கும். உடைமரமும் சீமைக்கருவேலமும் மண்டிவிட்டால் ஓடை என்றே தெரியாது. எஸ்டிமேட் போட வருகிற ஆள் மாசியிலோ பங்குனியிலோதான் வருவார், நிதியாண்டு முடிகிற நேரம் அதுதானே. அவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் பள்ளம். மண் அடித்து மட்டம் பண்ணி, ரொம்ப இரக்கப்பட்டால் ஒரு குழாயைப் புதைத்து, மேலே ரோடு போட்டுவிட்டுப் போவார். கார்த்திகையில் மறுகால் விழும்போது அந்த ரோடு ரோடாக இருக்காது, குளத்தங்கரை ஆகிவிடும். மேற்கே இடுப்பளவு தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே ஏறி வழிந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நாளில் போய்விடும். தேங்கி நின்று பத்து நாள் அடியில் கசிவதுதான் ரோட்டைத் தின்கிறது.

மண்ணையும் பாருங்கள். மானூர் வட்டாரத்தில் செவலும் (செம்மண்) கரிசலும் மாறி மாறி வரும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் போனால் முழுக் கரிசல். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு வெடிக்கும். மேலே எத்தனை இன்ச் தார் போட்டாலும் அடியில் இருக்கும் மண் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கினால் தார் என்ன செய்யும்? அங்கே கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல சரளை போட்டு, தண்ணீர் வடிய வழி விட்டு, அப்புறம்தான் ஜல்லி பரப்ப வேண்டும். செலவு மேலே தெரியாது என்பதால் அந்த வேலையைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

இன்னொரு சோதனை, நீங்களே செய்யலாம். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு நூலை மட்டமாகப் பிடியுங்கள். நடுவில் நூல் ரோட்டைத் தொட வேண்டும், ஓரத்தில் இடைவெளி இருக்க வேண்டும். தார் ரோட்டுக்குச் சரிவு நூற்றுக்கு இரண்டரை. உங்களுடையது பெரும்பாலும் 3.75 மீட்டர் அகல ஒற்றைத் தட ரோடாகத்தான் இருக்கும், அப்படியானால் ஓரத்தில் நாலரை, ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அது இல்லை என்றால் தண்ணீர் ஓரத்துக்கே போவதில்லை. ஓரத்துக்குப் போனாலும் பெர்ம், அதாவது தாருக்கு வெளியே இருக்கும் ஓர மண், தாரைவிட உயரமாக இருந்தால் அங்கேயே நிற்கும். புல்லும் மண்ணும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு விரற்கடை உயர்ந்துகொண்டே வரும். இதைச் சீவி விடுவதற்குத்தான் சாலைப் பணியாளர்கள் இருந்தார்கள்.

அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1997-இல் தமிழ்நாடு முழுக்கப் பத்தாயிரம் பேரைப் போல சாலைப் பணியாளராக எடுத்தார்கள். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், சட்டி, அவ்வளவுதான் ஆயுதம். மழைக்கு முன்னால் பெர்மைச் சீவி, தண்ணீர் இறங்குகிற இடத்தில் எல்லாம் கையகலம் வெட்டி விடுவார்கள். சிறுபாலத்தின் வாயில் அடைத்த மண்ணை வாரிப் போடுவார்கள். குழி தட்டு அளவில் இருக்கும்போதே சரளை போட்டு இடித்து அடைத்துவிடுவார்கள். 2002-இல் ஒரே உத்தரவில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், 2006-இல் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நடத்திய போராட்டங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த 41 மாதத்தில் என் பிரிவில் இருந்த ரோடுகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். பெரிதாக ஒன்றும் இடியவில்லை. ஓரமெல்லாம் கருவேலம் வந்தது, சிறுபாலங்கள் ஒவ்வொன்றாக வாயடைத்தன, அவ்வளவுதான். அதற்கான பலன் அடுத்த இரண்டு மூன்று மழையில் வந்தது.

வயதானவர்களுக்குத் தாம்போதி ஞாபகம் இருக்கும். ஓடை வருகிற இடத்தில் ரோட்டை ஓடை மட்டத்துக்கே இறக்கி, கல் பாவி, இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கல் நட்டு விட்டுவிடுவார்கள். வெள்ளம் வந்தால் ரோட்டுக்கு மேலே ஓடும். பஸ் அரை நாள் நிற்கும், தண்ணீர் வடிந்ததும் போகும். ரோடு அப்படியே இருக்கும். ஊர்க்காரர்கள் 'எங்கள் ஊருக்குப் பாலம் வேண்டும்' என்று மனு மேல் மனு கொடுத்தார்கள். சில இடத்தில் உண்மையான பாலம் வந்தது. பல இடத்தில் ரோட்டை உயர்த்திக் குழாய் வைத்ததோடு சரி.

2023 மார்கழி பிறந்த அன்றைக்குப் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஏரலில் தாமிரபரணிப் பாலம் நின்றது, பாலத்துக்கு ஏறும் இணைப்புச் சாலையை ஆறு கொண்டு போய்விட்டது. அவ்வளவு தண்ணீருக்குப் பாலத்தின் கண்கள் போதாதபோது ஆறு பக்கத்து மண்ணைத் தேடிப் போகும். உங்கள் ஊர் ஓடை செய்வதும் அதையேதான், அளவுதான் சின்னது.

தாழையூத்து டிரைவர்

அண்ணாச்சி சொல்வது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாரத்தை விட்டுவிட்டீர்களே. அந்தப் பக்கம் கல்குவாரி உண்டு. எம்-சாண்ட் டிப்பர் குறுக்கு வழி என்று யூனியன் ரோட்டில் இறங்கினால் எந்த ரோடு தாங்கும்? நானே டிப்பர் ஓட்டியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். முதலாளி ஏற்றச் சொல்வதைத்தான் ஏற்றுவோம்.

ரோடு இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

விடவில்லை தம்பி, பதிவு நீண்டுவிட்டதே என்று நிறுத்தினேன். இரட்டை டயர் போட்ட ஒரு அச்சுக்குச் சட்டப்படி முன்னே 10.2 டன், 2018-இல் இருந்து 11.5 டன். அச்சில் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு ஆகும் என்பது எங்கள் கணக்கு. கிராமத்து ரோட்டை டிராக்டரும் மினி பஸ்ஸும் போகும் என்று நினைத்துத்தான் போடுகிறார்கள்.

ஆனால் மறுபடியும் அதே கேள்வி வருகிறது. டிப்பர் அந்த நூறு மீட்டரில் மட்டுமா ஓடுகிறது? காய்ந்த மண் மேல் இருக்கும் ரோடு டிப்பரை எப்படியோ சமாளித்துவிடும். ஊறின மண் மேல் இருந்தால் ஒரே லோடில் அமுங்கும்.

பாளை டீச்சர்

ரோட்டு விஷயம் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். மங்கம்மாள் விஷயத்துக்கு நான் வருகிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள்.

ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்டவர். மதுரையில் இருந்து கன்னியாகுமரி போகும் பெருவழியைச் செப்பனிட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டினார் என்பது நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது, தென்காசியில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. அதெல்லாம் சரி. ஆனால் நெல்லைச் சீமையில் நாலு புளியமரம் நிற்கிற எந்தப் பழைய வண்டிப்பாதையைக் கேட்டாலும் 'மங்கம்மா சாலை' என்று சொல்லிவிடுவார்கள். பதினேழு வருஷ ஆட்சியில், போரும் நடத்திக்கொண்டு, ஒரு அம்மா மானூர்க் கிளை ரோடு வரைக்கும் போட்டார் என்றால் நான் நம்ப மாட்டேன். பெருவழி என்றால் சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, பாளையங்கோட்டை, நாங்குநேரி, பணகுடி, ஆரல்வாய்மொழி என்று போவது. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கிலிட்டது அந்த வழியில்தான். வருகிற போகிற எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதானே அங்கே வைத்தார்கள்.

'கெடவே கெடாது' என்று தாத்தா சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கெடுவதற்கு அங்கே தாரே இல்லை! அகலமான மண் பாதை, ஒரு தடம் சேறானால் வண்டிக்காரன் பக்கத்தில் வேறு தடம் பிடித்துப் போவான். கார்த்திகையில் கரிசலில் வண்டி கட்டவே மாட்டார்கள். ரோட்டுக்கு வருஷத்தில் இரண்டு மாதம் ஓய்வு கிடைத்தது.

யார் பராமரித்தார்கள் என்று கேட்டீர்கள். பெருவழியை அரசு பார்த்தது, ஊர்ப் பாதையைப் பெரும்பாலும் ஊரார்தான் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனி ஆட்சியில் பெரிய வேலையே தனி ஆள் பணத்தில் நடந்திருக்கிறது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணி மேல் இருக்கும் பாலத்தைக் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். 1843-இல் முடிந்தது, பதினோரு வளைவு. பிற்காலத்தில் அகலப்படுத்தி, இன்றைக்கும் அதன் மேல்தான் டவுன் பஸ் எல்லாம் போகிறது. அதுவரை ஆற்றில் தண்ணீர் வந்தால் படகுதான்.

அப்புறம் 1866-இல் சென்னை மாகாணத்தில் ரோட்டுக்கென்றே நிலத்தின் மேல் தனி வரி போட்டார்கள். 1871-இல் லோக்கல் ஃபண்டு என்ற உள்ளூர் நிதி, 1884 சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற உள்ளாட்சி அமைப்புகள். வரி கட்டியது எல்லா விவசாயியும்தான், பணம் போனது பெரிய ரோட்டுக்கும் ஸ்டேஷன் ரோட்டுக்கும். 1876-இல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்துவிட்டது. அதன் பிறகு பஞ்சும் உப்பும் ஏற்றிய வண்டிகள் மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி ஸ்டேஷன்களைப் பார்த்துப் போக ஆரம்பித்தன. எந்த ரோட்டுக்குக் கப்பி (உடைத்த கல்) போடுவது என்பதையும் அதுவே தீர்மானித்தது. ரயிலைப் பார்த்துப் போகாத ஊரின் பாதை அப்படியே கிடந்தது. உங்கள் ஊர்ப் பாதையும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

சாலைப்புதூரிலும் நாங்குநேரியிலும் சுங்கம் கட்டும்போது எல்லோரும் புதிதாக ஏதோ வந்துவிட்டது போலத் திட்டுகிறோம். ஜில்லா போர்டு காலத்தில் மாட்டுவண்டிக்கே சுங்க கேட்டில் காசு வாங்கினார்கள். 1931-இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோதுதான் அந்த கேட்டுகள் போயின. வண்டிக்கு வரி கட்டினால் கேட்டில் கட்ட வேண்டாம் என்பதுதான் அன்றைய பேச்சு. இப்போது இரண்டும் கட்டுகிறோம்.

நெடுஞ்சாலைத்துறை என்று தனியாக வந்தது 1946-இல். 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் ஒழிந்து கிராமத்து ரோடுகள் யூனியன் கைக்குப் போயின.

தம்பிக்கு ஒரு வேலை. தாத்தாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஊரைச் சுற்றிச் சுமைதாங்கிக் கல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் ஞாபகமாக நடுவது, தலைச்சுமையோடு நடப்பவர்கள் இறக்கி வைக்க. ஆள் நடக்காத இடத்தில் அதை நட மாட்டார்கள். கல் இருக்கிற இடம்தான் பழைய பாதை.

மானூர்க்காரன்

டீச்சர், அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் நன்றி. தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மேற்கே குளம் இருக்கிறது. கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழியும் கல் கட்டு) வடகோடியில். அங்கிருந்து மறுகால் ஓடை தென்கிழக்காக வந்து நம் ரோட்டை எங்கே தொடுகிறது என்று பார்த்தால், சரியாக அந்த நூறு மீட்டர்! கருவேலத்துக்குள் புகுந்து போனதால்தான் தெரிந்தது, ரோட்டில் நின்று பார்த்தால் வெறும் காடு. ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு குழாய். அதன் மேற்கு வாயில் பாதிக்கு மேல் மண், மிச்சத்தில் யாரோ போட்ட சாக்கும் தென்னை மட்டையும்.

சுமைதாங்கி இப்போதைய ரோட்டில் இல்லை. வடக்கே இரண்டு வயல் தள்ளி, கலுங்குக்குப் பக்கத்தில் பாறை தெரிகிற மேட்டில் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல். அதன் விளிம்பு மட்டும் கைபட்டுக் கைபட்டு வழவழ என்று இருக்கிறது. பழைய பாதை அந்தப் பாறை மேல்தான் ஓடையைக் கடந்ததாம், அங்கே தண்ணீர் வந்தாலும் கணுக்கால் அளவுதானாம். இப்போதைய ரோடு, அரசு வேலைக்குக் கோதுமையையே கூலியாகக் கொடுத்த காலத்தில் மண் அடித்துப் போட்டதாம். சுற்றிப் போவானேன் என்று ஊர்க்காரர்களே நேராக இழுக்கச் சொன்னார்களாம். தாத்தாவும் அதில் மண் சுமந்திருக்கிறார். 'அப்ப மங்கம்மா சாலைன்னு சொன்னீங்களே' என்றேன். 'அது அந்தக் கல்லு நிக்குத பாதைய சொன்னேன்' என்று விட்டுவிட்டார்.

நூல் பிடித்தும் பார்த்தேன். மேற்கு ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் இருக்கிறது. கிழக்கு ஓரத்தில் ஒன்றுமே இல்லை, ஒட்டுப் போட்டுப் போட்டு நடுவைவிட அதுதான் உயரம்.

அண்ணாச்சி, இனி நான் என்ன கேட்க வேண்டும்? ரோட்டைப் பழைய பாதைக்கே மாற்றச் சொல்லலாமா?

ரோடு இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

மாற்றச் சொல்லாதீர்கள். பழைய பாதை இந்நேரம் பட்டா நிலமாகி இருக்கும், நில எடுப்பு என்று ஃபைலைத் திறந்தால் உங்கள் பிள்ளை காலத்தில்தான் மூடுவார்கள். இருக்கிற இடத்திலேயே தண்ணீருக்கு வழி கேளுங்கள்.

முதலில் ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மைல்கல்லின் தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலம். உங்கள் ரோட்டில் கல்லே இருக்காது, யூனியன் ரோடாகத்தான் இருக்கும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டிருந்தால் ரோடு தொடக்கத்தில் போர்டு ஒன்று நிற்கும். அதில் ஒப்பந்ததாரர் பெயரும் ஐந்து வருஷப் பராமரிப்பு எந்தத் தேதி வரை என்பதும் எழுதியிருக்கும். தேதி தாண்டவில்லை என்றால் உங்கள் வேலை சுலபம், அந்த ஆள்தான் சரி பண்ண வேண்டும்.

அடுத்தது, அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள சர்வே எண்ணுக்குப் புலப்படம் (நில அளவை வரைபடம்) எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். அதில் ஓடை புறம்போக்கு என்று எத்தனை மீட்டர் அகலம் காட்டியிருக்கிறது என்று பாருங்கள். படத்தில் ஓடை பத்து மீட்டர், ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் என்றால் உங்கள் மனுவில் வேறு எதையும் எழுத வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

கேட்க வேண்டியது: காங்கிரீட் தாம்போதி, அல்லது பெட்டி வடிவச் சிறுபாலம். என்னைக் கேட்டால் தாம்போதி. செலவு குறைவு, வாய் அடைக்காது. தாம்போதி என்றால் வெறும் காங்கிரீட் ரோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், விடாதீர்கள். மேற்கிலும் கிழக்கிலும் தரைக்குக் கீழே தடுப்புச் சுவர் இறக்க வேண்டும், கிழக்கே தண்ணீர் விழுகிற இடத்தில் கல் பாவ வேண்டும். இல்லை என்றால் தண்ணீர் அடியில் குடைந்து மூன்றாவது வருஷம் பலகை தொங்கும். கறுப்பு வெள்ளைக் கல்லும் கேளுங்கள், இருட்டில் வெள்ளத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு எது, ஓடை எது என்று தெரிய வேண்டும்.

அதற்குப் பணம் வரும் வரைக்கும், குழாய் வாயைச் சுத்தம் பண்ணுவதையும் ஓடையில் கருவேலம் எடுப்பதையும் நூறு நாள் வேலையில் சேர்க்கச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். கிழக்கு ஓரத்து உயரத்தைச் சுரண்டாமல் இன்னொரு தடவை மேலே தார் போட விடாதீர்கள்.

மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் ஒன்று. கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு நம்பர் போடுவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். போன தடவை போட்ட ரோட்டின் எஸ்டிமேட்டும், செய்த வேலையின் அளவை எழுதி வைக்கும் எம் புக்கின் நகலும் தகவல் உரிமையில் கேளுங்கள். எம் புக்கில் அந்தக் குழாய்க்கு என்ன அளவு எழுதியிருக்கிறது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். பாதி நேரம் அங்கேயே விஷயம் கிடைத்துவிடும்.

பாளை டீச்சர்

சுமைதாங்கியில் எழுத்து இருக்கிறதா? இருந்தால் சாய்வெயிலில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, மத்தியான வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம்.

மானூர்க்காரன்

எடுத்துப் போடுகிறேன் டீச்சர். ஒரு பக்கம் ஏதோ வரி மாதிரி தெரிகிறது. போர்டைப் போய்ப் பார்த்தேன் அண்ணாச்சி, கம்பம் மட்டும்தான் நிற்கிறது, தகட்டை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். அதனால் தகவல் உரிமையில் அதையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன். புலப்படம் எடுத்துவிட்டேன், ஓடை அகலம் பன்னிரண்டு மீட்டர் வருகிறது.

தாழையூத்து டிரைவர்

பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு குழாயா! சரி, எந்தத் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர் ரோட்டுக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், சேர்ந்தே கொடுத்துவிடலாம்.